மாசிலாமணி பேரில் பத்து முறை

ஒருத்தர் சாப்பிட்டால் இன்னொருத்தர் வயிறு நிறையாது, ஒருத்தர் குளித்தால் இன்னொருத்தர் அழுக்குப் போகாது, ஒருத்தர் தூங்கினால் இன்னொருத்தர் களைப்புத் தீராது, இதெல்லாம் எங்கள் காலனிக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் ஒருத்தர் பட்டினி கிடந்தால் இன்னொருத்தர் ஆயுசு கூடும் என்பதும், ஒருத்தர் மொட்டை போட்டால் இன்னொருத்தர் காய்ச்சல் இறங்கும் என்பதும், ஒருத்தி ஈரப்புடவையோடு கோயில் பிராகாரத்தில் உருண்டால் அவள் புருஷனுக்குப் பிரமோஷன் வரும் என்பதும் அவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான், தனக்கோடி செய்த உடற்பயிற்சியில் அவள் புருஷன் மாசிலாமணியின் கால் பலம் பெற்று அவர் எழுந்து நடந்தபோது, அறுபத்து நாலு வீட்டில் ஒரு வீட்டில்கூட யாரும் வாயைப் பிளக்கவில்லை. எனக்கு வந்த எரிச்சலெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவற்றால்தான்.

நான் இந்தக் காலனி நலச்சங்கத்தின் செயலாளர். பதினோரு வருஷமாக. விரும்பி இல்லை, வருஷா வருஷம் பொதுக்குழுவில் "வேற யாராவது வர்றீங்களா?" என்று கேட்பேன், எல்லோரும் தட்டில் இருக்கிற மிக்சரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டெலிபோன் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், ஆகவே நேரம் நிறைய இருக்கும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தண்ணீர் வராவிட்டால் செக்ரட்டரியம்மா, நாய் குரைத்தால் செக்ரட்டரியம்மா, பொன்மலை ரயில்வே கேட் அரைமணி நேரம் மூடிக் கிடந்தாலும் செக்ரட்டரியம்மா.

காலனியில் இருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள், எல்லாக் கட்டடமும் மூன்று மாடி, ஒன்றிலும் லிப்ட் கிடையாது. டவுனிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து, கால் தளர்ந்து போன பெரியவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி தருகிறோம் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு டேப்லெட்டும் கணுக்காலில் கட்டிக்கொள்ள இரண்டு பட்டையும் கொடுத்தார்கள். டேப்லெட்டில் யார் பேர் இருக்கிறதோ அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும், பத்து முறை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்க வேண்டும், பத்து முறை. நின்ற இடத்திலேயே இரண்டு நிமிஷம் நடக்க வேண்டும். பட்டை எண்ணிக்கொள்ளும், டேப்லெட் "நன்று" என்று சொல்லும். மூன்று நாள் செய்யாவிட்டால் ஆஸ்பத்திரியில் சிவப்புப் புள்ளி விழும், பிசியோதெரபிஸ்ட் பெனாசிர் திரையில் வந்து நிற்பாள். பேரைப் போடுவது, மாற்றுவது, பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாம் யார் வேலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மாசிலாமணி கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். முப்பத்தாறு வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பச்சைக்கொடி ஆட்டியவர், வண்டியே தன் கொடியில்தான் ஓடியது என்று இன்னமும் நம்புகிறவர். சித்திரை மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, பயம்தான் பிடித்துக்கொண்டது. மூன்று மாசம் படுக்கையும் நாற்காலியுமாக இருந்ததில் தொடை இரண்டும் சூம்பிப் போயின. இப்படியே உட்கார்ந்திருந்தால் தைக்குள் எழுந்து நிற்பதையே மறந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னார். அதற்கு அவர், "முப்பத்தாறு வருஷம் ஓடுற வண்டியில நின்னவன்யா நான், எனக்கு நிக்கக் கத்துக்குடுக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு டி.வி.யைப் போடச் சொன்னார்.

சிவப்புப் புள்ளி விழுந்தது. பெனாசிர் வந்தாள், கெஞ்சினாள், போனாள். மறுபடி விழுந்தது, மறுபடி வந்தாள். எதிர்வீட்டிலிருக்கும் எனக்கே அவள் குரல் மனப்பாடம் ஆகிவிட்டது. ஆறாவது தடவை அவள் வந்து போன பிறகு தனக்கோடி, எழுபத்தொரு வயசு, தன் முழங்காலே சரியில்லாதவள், அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பட்டைகளை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டாள்.

"எப்படியாவது அந்தச் செவப்பு போய்த் தொலையட்டும்னுதான் செக்ரட்டரியம்மா கட்டினேன். சாமி சத்தியமா வேற ஒண்ணும் நெனக்கல" என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

பத்து முறை எழுந்து உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் டேப்லெட், "நன்று, மாசிலாமணி ஐயா" என்றது. மாசிலாமணி ஐயா கண்ணை மூடிக்கொண்டு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பேப்பர் வாசலுக்கு வெளியே விழுந்து கிடந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, போய், குனிந்து, எடுத்து, திரும்பி வந்து உட்கார்ந்து, விலைவாசி பற்றி ஏதோ சொன்னார். தனக்கோடி காபியை ஆற்றிக்கொண்டே பார்த்தாள். அவர் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது மண்சோறு தின்றவள், அவர் பிரமோஷனுக்கு உருண்டவள், அவர் ரத்தக்கொதிப்புக்காகக் கத்திரிக்காயை விட்டவள். இதில் ஆச்சரியப்பட அவளுக்கு என்ன இருக்கிறது. அன்றும் பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

விஷயம் வெளியே வந்ததும் காலனி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், சங்கத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் அறிவிப்பை எடுத்துக்கொள்கிற அளவுக்குக்கூட அலட்டிக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு ஆள் மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். வைத்தியலிங்கத்துக்காக டல்லாஸில் இருக்கிற மகன் பட்டையைக் கூரியரில் வரவழைத்துச் செய்தான். அங்கே ராத்திரி, இங்கே பகல், ஆகவே தயிர்சாதம் பிசைகிற நேரமாகப் பார்த்துப் பலம் வந்து இறங்க, மனுஷர் தட்டோடு எழுந்து எழுந்து நின்றார். ஆரோக்கியத்தம்மாளுக்காக அவர் மருமகள் அற்புதமேரி முணுமுணுத்துக்கொண்டே செய்ததில் பலம் காலுக்குப் போகாமல் குரலுக்குப் போய்விட்டது. நடக்க முடியாத ஆரோக்கியத்தம்மாள் போட்ட சத்தம் கேட்டு கேட் கீப்பர் ஒருமுறை கேட்டையே மூடிவிட்டார். சி பிளாக்கில் இரண்டு சம்பந்திகள் பேசிவைத்துக்கொண்டு இவருக்காக அவர், அவருக்காக இவர் என்று செய்தார்கள், தினமும் காலையில் என் வாசலில் நின்று, அவர் ஒன்பதோடு நிறுத்திவிட்டார் என்று மாறி மாறிப் புகார் சொன்னார்கள். ஆயுத பூஜையன்று எல்லோருமாகப் பட்டைகளைப் பிள்ளையார் முன்னால் குவித்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பன்னீர் தெளித்து, ஒன்பது பட்டைகளை ஒரேயடியாகச் சாகடித்தார்கள்.

பெனாசிர் அந்த ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வயசுப் பெண், அன்றைக்கு நாற்பது மாதிரி இருந்தாள்.

"மேடம், நான் நாலரை வருஷம் படிச்சேன். அதுல ஒரு பாடத்துலகூட இது இல்ல."

"மேல சொன்னியாம்மா?"

"சொன்னேன் மேடம். ரிசல்ட் நல்லா வருதுல்ல, விடுங்கறாங்க. யார் செய்யறாங்களோ அவங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒருத்தரும் கேக்கல."

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்கிறவருக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. களைப்பு மட்டும் மிஞ்சும். டல்லாஸ் பையனுக்கு வயசு நாற்பது, தாங்குவான். எழுபத்தொரு வயசில் தனக்கோடிக்கு என்ன மிஞ்சும்? இதற்கிடையில் எனக்காகச் செய்ய ஆளில்லாத நான் முதல் நாளிலிருந்து எனக்கே செய்துகொண்டிருந்தேன், என் முழங்கால் வலியும் பாதி குறைந்திருந்தது. அதை யாரும் பேசவில்லை. தானே சமைத்துத் தானே சாப்பிட்டு வயிறு நிறைந்தவளைப் பற்றி ஊரில் யார் பேசுவார்கள்.

மாசிலாமணியோ நாளுக்கு நாள் தேறினார். முதலில் வாசல் வரை, பிறகு டீக்கடை வரை, பிறகு சீட்டாட்டம், பிறகு மொட்டைமாடியில் ஏறித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எனக்குப் புகார் எழுதுகிற வரை வந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவருக்குச் சங்கக் கூடத்தில் சால்வை போர்த்தினார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாத்துக்கும் மனவலிமைதாங்க காரணம். மனசு வெச்சா கால் தானா வரும்" என்று இருபது நிமிஷம் பேசினார். தனக்கோடி கடைசி வரிசையில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்துபோய் மைக் ஒயரைப் பிடுங்காமல் இருந்ததற்கு அந்த மனவலிமைதான் காரணம்.

தனக்கோடிக்கு ஒரே ஒரு சொந்த ஆசைதான் உண்டு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆன நாளிலிருந்து, தினமும் நாலு மணிக்கு முகம் கழுவி, வேறு புடவை கட்டி, இரண்டு மாடி இறங்கி, காலனி வாசலில் பஸ் ஏறுவாள். பொன்மலைப்பட்டி வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போய், வீட்டுக்கு வந்துவிடுவாள். எங்கேயும் இறங்க மாட்டாள், ஒன்றும் வாங்க மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். "அவரு ஊர் ஊராப் போனாரு, நான் டிபன் பாக்ஸ் கழுவினேன்" என்று ஒருமுறை சொன்னாள். கார்த்திகை மாசத்தில் ஒருநாள் அந்த பஸ்ஸின் முதல் படியில் அவளால் கால் வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை முயன்றாள். "ஏறுறதுன்னா ஏறுங்கம்மா, டைம் ஆவுது" என்றார் கண்டக்டர். விசில் கொடுத்துவிட்டார். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு திரும்பி வந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

தன் பேரில் செய்துகொள்ளவும் முயன்றாள். அவருக்கான பத்தும் பத்தும் இரண்டு நிமிஷமும் முடிந்த பிறகு, தனக்கென்று ஒருமுறை எழுந்திருக்கக்கூடக் காலில் எதுவும் பாக்கியில்லை. வடக்கே பிலாயில் இருக்கிற ஒரே மகளைக் கேட்கலாமென்றால், அவள் அங்கே தன் மாமியாருக்காகச் செய்துகொண்டிருந்தாள். கடைசியில் புருஷனையே கேட்டாள். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கும் கேட்டது.

"இந்தாங்க, எனக்காக ஒரு பத்துத் தடவ எந்திரிச்சு ஒக்காருங்களேன். பஸ்ஸு ஏற முடியல."

"நான்தான் நல்லா இருக்கேனே, எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?"

"உங்களுக்கில்ல. எனக்கு."

"சரி சரி, செய்யறேன். நீ போய்க் காபியப் போடு."

அவள் பேரை நான்தான் டேப்லெட்டில் மாற்றிக் கொடுத்தேன். அவள் அவர் காலில் பட்டையைக் கட்டிவிட்டுக் காபி போடப் போனாள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், டி.வி.யில் கிரிக்கெட்டில் யாரோ அவுட் ஆனார்கள். "முடிஞ்சுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டதற்கு "ஆச்சு ஆச்சு" என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு அவள் பஸ் ஏறவென்று கீழே போனவள், வாசற்கதவு வரைகூடப் போகாமல் யோசித்து, முதலில் படியில் ஏறிப் பார்த்திருக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, சின்னப்பெண் ஏறுகிற மாதிரி ஏறியிருக்கிறாள். நாலாவது படிக்குக் கால் வரவில்லை. நான் பால் வாங்கிக்கொண்டு வரும்போது மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மூணு" என்றாள். "மூணே மூணு, செக்ரட்டரியம்மா. நாலாவதுக்கு அவருக்கு மனசு வரல."

எனக்கு அவர் சால்வையை எடுத்துத் தரை துடைக்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பேரையே வெச்சிருங்க. நானே எனக்குச் செஞ்சுக்கறேன். இனிமே மாத்தாதீங்க" என்றாள்.

மாற்றவில்லை. ஒருவேளைக்கு இரண்டுதான் அவளால் முடிந்தது முதலில். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நன்று, தனக்கோடி அம்மா" என்று டேப்லெட் சொன்னபோது, யாரைச் சொல்கிறது என்று முதல் தடவை திரும்பிப் பார்த்தாளாம். அங்கே மாசிலாமணிக்கு முதல் நாள் மொட்டைமாடி போனது, நாலாம் நாள் டீக்கடை போனது, பத்தாம் நாள் நாற்காலியிலிருந்து எழ ஆள் தேவைப்பட்டது. பன்னிரண்டாம் நாள் சங்கத்துக்குக் கடிதம் வந்தது. பொருள்: என் மனைவி என் பயிற்சியை முன்னறிவிப்பின்றி நிறுத்தியது தொடர்பாக.

அவரால் கீழே வர முடியாததால் செயற்குழுவை அவர் வீட்டு ஹாலிலேயே கூட்ட வேண்டியதாயிற்று. ஏழு ஆண்களும் நானும். எல்லோரும் அவர் பக்கம். தங்களுக்காக யாரோ எங்கோ எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள். வைத்தியலிங்கம்தான் ஆரம்பித்தார்.

"தனக்கோடிம்மா, தப்பா நெனக்காதீங்க. கோயில்ல அய்யர் பேரு நட்சத்திரம் கேட்டா, பொம்பள மொதல்ல புருஷன் பேரத்தான் சொல்லணும். அவுங்கவுங்க பேர்ல அவுங்கவுங்க அர்ச்சனை பண்ணிக்கிட்டா குடும்பம் என்னத்துக்கு ஆவும்?"

தனக்கோடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, நிற்க முடிவதை எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அண்ணே, அவரு பேர்ல நான் எல்லாமே பண்ணிட்டேன். மண்சோறு தின்னேன். ஈரத்தோட உருண்டேன். நாப்பது வருஷமா கத்திரிக்காய் தின்னல. எனக்குக் கத்திரிக்காய்னா ரொம்பப் பிடிக்கும்."

மாசிலாமணி நாற்காலியில் முன்னால் நகர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீ கத்திரிக்காய் சாப்பிட மாட்டியா?"

அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒனக்குப் பிடிக்காதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அவர். நாற்பது வருஷம், வீட்டிலிருந்த நாளெல்லாம், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவர். வைத்தியலிங்கம் செருப்பைத் தேட ஆரம்பித்தார். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை, மிக்சரும் அப்படியே இருந்தது.

மாசிலாமணி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அதையெல்லாம் யாரும் எதிர்பார்க்கவும் வேண்டாம். மூன்றாம் நாள், பெனாசிர் கொண்டுவந்த புதுப் பட்டைகளில் ஒரு ஜோடியையும் ஒரு டேப்லெட்டையும் நான் கொண்டுபோய் வைத்தபோது, என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எது எடது காலு?"

நாலு மாசமாக அந்தப் பட்டையால் நடந்தவர் கேட்கிற கேள்வி. காட்டினேன்.

"மொதல்ல இதுல அவ பேரப் போடுங்க. ஏழு பாக்கியிருக்கு. அது முடிஞ்சப்பறம் என் பேருக்கு எப்படி மாத்தறதுன்னு காட்டுங்க."

நாலு தடவை காட்டினேன். ஐந்தாவது தடவை கேட்டபோது அவரை நாற்காலியோடு பால்கனியில் உட்கார வைத்து, பெனாசிரைத் திரையில் வரவழைத்து அவள் தலையில் கட்டிவிட்டேன்.

அன்றைக்கு நாலு மணிக்குத் தனக்கோடி முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து, "வர்றீங்களா?" என்றாள். இருபது நாளாகத் தன் பேரில் செய்த கால். பஸ் வந்தது. அவள் கம்பியைப் பிடித்தாள், முதல் படியில் வலது காலை வைத்தாள், நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், என் கை அவள்மேல் படவே இல்லை. ஏறி ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கண்டக்டர் நேரமாகிவிட்டது என்றார், அவளுக்குக் கேட்கவில்லை.

காலனியைத் தாண்டுவதற்குள் கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி, முடிகிற பாடாய் இல்லை. பஸ் சரியாக எங்கள் பிளாக்குக்குக் கீழே நின்றது. அவள்தான் முதலில் பார்த்தாள். இரண்டாவது மாடி பால்கனியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே மாசிலாமணியின் தலை எழும்பியது, ஒரு நொடி நின்றது, மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி எழும்பியது, வாயைப் பிளந்துகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறைந்தது.

"ரெண்டு" என்றாள் தனக்கோடி. அவை யார் பேரில் என்று நான் சொல்லவில்லை.

கேட் திறந்தபோது அவர் ஆறு முறை எழுந்திருந்தார். பஸ் தண்டவாளத்தைத் தாண்டியது, அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள், பிறகு கட்டடம் மறைந்துவிட்டது. பொன்மலைப்பட்டியில் டிரைவர் டீ குடித்தார். ஏழாவது ஆகியிருக்குமா என்று அவள் கேட்கவில்லை, ஆனால் திரும்புகிற வழியில் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. காலனி நெருங்கியதும் எட்டிப் பார்த்தோம். தலை எழும்பியது. மறைந்தது. பெனாசிரின் குரல்கூடக் கேட்பது போலிருந்தது. தலை மறுபடி எழும்பியது.

வழக்கமாக சத்திரம் வரை போகிறவள்தான், ஆனால் அன்றைக்குக் கால் புதுசு, இந்த அளவு போதுமோ என்று நினைத்து நான் எழுந்து, "எறங்கிருவோமா?" என்று கேட்டேன். கண்டக்டரும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு எங்களைத்தான் பார்த்தார். தனக்கோடி பால்கனியிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வேணாம், சத்திரம் போய்ட்டு வருவோம். நான் வந்துட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திருவாரு."